தன்னார்வலர் நடத்தும் ரயிலில் தகுதியும் பாதுகாப்பும்

கேள்வி: தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயில்களில் எப்போதாவது வரும் தன்னார்வலரை நீராவி என்ஜினில் வேலைக்கு ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம். ஆனால் பழைய சான்றிதழ் மட்டும் போதாது. பிரிட்டனில் 2006 ரயில் பாதுகாப்பு விதிகளின்படி, பாதுகாப்பு சார்ந்த வேலையைச் செய்பவர் சம்பளம் வாங்காதவரானாலும் தகுதியும் உடல்தகுதியும் மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். தகுதிப் பதிவேட்டில் ஆள், வேலை, என்ஜின் வகை, தடம், காலாவதி நாள் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பணிப்பட்டியல் போடுபவர் அதைப் பார்க்காமல் பெயர் எழுதக்கூடாது.

பழக்கம் விட்டுப்போனால் வரிசையாகச் செய்யும் கைவேலை மங்கும். என்ஜினில் தீயையும் நீரையும் கவனிக்கும் ஃபயர்மேன், பாய்லரில் நீர் எவ்வளவு என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியைச் சோதிப்பதையே பாருங்கள்: நீராவி, நீர்க் குழாய்த் திருகுகள் இரண்டையும் மூடி, வடிகாலைத் திறந்து, ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டம் பார்க்க வேண்டும். வழி அடைத்திருந்தால் கண்ணாடி பொய்மட்டம் காட்டும். பாய்லருக்குள் தீ எரியும் அறையின் கூரைமேல் நீர் வற்றினால், அதில் பாதுகாப்புக்காகப் பொருத்திய ஈயத்தக்கை உருகும், கூரைத் தகடே சரியும். அதனால் இடைவெளி விழுந்தவர், இதையெல்லாம் மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிய பிறகே தனியாக ஏறட்டும்.

களைப்பையும் கணக்கில் எடுங்கள். வார வேலை முடித்து, விடியுமுன் பாய்லரில் தீ மூட்டியவர் மாலை வண்டியையும் ஓட்டக்கூடாது. மூத்த உறுப்பினர், நன்கொடையாளர் யாராயினும் விலக்கில்லை. சங்கங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தத் தாட்சண்யத்தில்தான்.