மதினி கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கேள்வி: மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. மகன் பெங்களூரில், மகள் தூத்துக்குடியில். காலையில் டிவியில் பக்தி நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு விளம்பரம் வரும். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே மனைகள், உள்ளேயே ஆஸ்பத்திரி, கோயில், நடைபாதை எல்லாம் உண்டு என்று சொல்வார்கள். படங்களில் நல்ல அப்பாவாக நடிக்கும் ஒருவர், எனக்கு ரொம்பப் பிடித்தவர், "நானும் இங்கேதான் இடம் வாங்கியிருக்கேன்" என்று அதில் சொல்வார். மனை விலை 14 லட்சம். பேங்கில் இருந்த டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே எடுத்து 9 லட்சம் கட்டினேன். டெபாசிட் இருவர் பெயரிலும் இருந்ததால், நான் காட்டிய இடத்தில் என் மனைவி கையெழுத்துப் போட்டாள். "அங்க தண்ணி எப்படி?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவு பெரிய நடிகர் தெரியாமலா சொல்வார் என்றேன். ஏழு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும்தான் நிற்கின்றன. கையில் ரசீது மட்டும் இருக்கிறது. பத்திரம் கேட்டால் அடுத்த மாதம் என்கிறார்கள். ஓய்வூதியர் சங்கத்தில் என் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள். வீட்டில் எதுவும் தெரியாது. அந்த நடிகர் மேல் வழக்குப் போட முடியுமா? கையில் இருக்கும் 12 லட்சத்தை நல்ல லாபம் வருகிற எதிலாவது போட்டு, விட்டதைப் பிடிக்கலாமா?

பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்:

அண்ணாச்சி, நடிகர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன இடத்தில் எனக்கு நிற்க வேண்டியிருக்கிறது. மதினி "அங்க தண்ணி எப்படி?" என்று கேட்டார்கள். நீங்கள் நடிகரைச் சொன்னீர்கள். தண்ணீர் எப்படி என்று கேட்டவருக்கு அதுவா பதில்?

விளம்பரம் எடுத்தவர்கள், நோட்டீஸ் அடித்தவர்கள், ரசீது எழுதிய பையன், வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்த நீங்கள் என்று இத்தனை பேர் இந்த விஷயத்தில் இருந்தீர்கள். இடம் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டது மதினி ஒருவர்தான். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் தாமிரபரணி குழாயில் வருவதால் நமக்கு மறந்துவிடுகிறது. ஆற்றையும் கால்வாயையும் விட்டுத் தள்ளிப் போனால் மானாவாரிக் காடுதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே நாளில் ஆலங்குளத்தில் வெறும் காற்று அடிக்கும். மலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகப் போர் போட்டால் தண்ணீர் வந்துவிடாது. சாகும்வரை இருக்கப் போகிற இடம் என்று விற்கிறார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் யார் இருப்பது?

அந்தக் கேள்வியை நீங்கள் மதித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் இருவரும் பஸ் ஏறிப் போயிருப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கிணறு வற்றுமா, போர் எத்தனை அடி என்று மதினியே கேட்டிருப்பார்கள். அந்த ஆளிடமிருந்து மற்றதெல்லாம் தானாக வந்திருக்கும்: இடம் யாருடையது, எப்போது கல் நட்டார்கள், ஆஸ்பத்திரி கட்ட யாராவது வந்தார்களா என்பது வரைக்கும். இப்போது ஏழு மாதம் கழித்து நீங்கள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பி வந்து, வீட்டில் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிட்டுப் படுத்திருக்கிறீர்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். "நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்" என்று எழுதுகிறீர்கள். எதற்கு என்று விளக்கினீர்களா, முதிர்வுக்கு முன்னால் எடுத்தால் வட்டி குறையும் என்றாவது சொன்னீர்களா? ஒன்றும் எழுதவில்லை. டெபாசிட்டில் இரண்டு பெயர் எதற்கு இருக்கிறது? ஒருவர் அவசரப்பட்டால் இன்னொருவர் நிறுத்தட்டும் என்றுதான். அந்தத் தடுப்பை நீங்களே எடுத்துவிட்டீர்கள். நடிகர் முகத்தைப் பார்த்து நீங்கள் பணம் கட்டினீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்து மதினி கையெழுத்துப் போட்டார்கள். நடிகராவது உங்களுக்கு யாரோ. நீங்கள் அவர்களுக்குத் தாலி கட்டியவர்.

ஓய்வுப் பணம் ஆண் சம்பாதித்த பணம் என்கிற நினைப்பை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது. கிராஜுவிட்டி உங்கள் பெயரில் வந்திருக்கலாம். மாதக் கடைசியில் உங்கள் சம்பளத்தை இழுத்துப் பிடித்து, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டி, மிச்சம் பிடித்தவர் யார்? அந்தப் பணம் இருவருக்கும் பொது. இன்னொன்றையும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கணவர் போன பிறகு பீரோவில் கிடைத்த ரசீதுகளை வைத்துக்கொண்டு, இது என்ன கம்பெனி, யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்கு எழுதுகிற பெண்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உங்கள் பீரோவிலும் அப்படி ஒரு ரசீதைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்து மதினி கையில் கொடுத்து, எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் சொன்னால் போதும், ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

சரி, நடிகர். உங்களுக்கு அவர் மேல் இருக்கிற கோபம் எனக்கும் இருக்கிறது. இந்த விளம்பரங்களை எடுக்கிறவர்கள் ஓய்வு பெற்றவர்களிடம் துள்ளிக் குதிக்கிற கதாநாயகனை அனுப்புவதில்லை. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, படத்தில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கண் கலங்கிய அப்பா, இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரம் காலைப் பக்தி நிகழ்ச்சி. சாமி பாட்டு முடிந்து மனசு இளகியிருக்கிற நேரத்தில் அவர் வந்து பேசுகிறார். அந்த நல்ல அப்பாவைப் படத்தில் எழுதியவர் ஒரு வசனகர்த்தா. விளம்பரத்திலும் யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் பேசினார். அந்தக் கருவேலங்காட்டில் அவர் கால் வைத்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஈமு கோழி ஞாபகம் இருக்கிறதா? பெருந்துறைப் பக்கம் ஆரம்பித்து, கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று டிவியில் சினிமா முகங்கள் வந்து சொல்ல, ஜனம் கொண்டு போய்க் கொட்டியது. 2012-இல் எல்லாம் சரிந்தது. 2023-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடை, தங்கச் சேமிப்புத் திட்டத்தில் பணம் வாங்கிக்கொண்டு கிளைகளை மூடியது. விளம்பரத்தில் வந்த நடிகரை அமலாக்கத்துறை விசாரணைக்கு அழைத்தது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் குறிப்பிட்ட ஒரு கம்பெனிக்கோ திட்டத்துக்கோ பிரபலங்களை வைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2017-இல் விதி போட்டது. மனைக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஓய்வு பெற்றவனின் மொத்தப் பணத்தையும் குறிவைக்கிற எந்த விளம்பரத்திலும் நடிகர் முகம் கூடாது என்று சட்டம் வர வேண்டும் என்பது என் கட்சி.

இப்போதைக்கு இருக்கிற சட்டம் இது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய்யான விளம்பரத்தில் வருகிறவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். ஒரு வருடம், மறுபடியும் செய்தால் மூன்று வருடம் வரை விளம்பரத்திலேயே தலைகாட்டக் கூடாது என்று தடை விதிக்கலாம். தன் சொந்த அனுபவமோ போதுமான தகவலோ இல்லாமல் ஒரு பொருளைச் சிபாரிசு செய்யக் கூடாது என்று 2022 ஜூனில் வழிகாட்டு விதிகளும் வந்தன. பிரபலங்களுக்கும் சமமான பொறுப்பு உண்டு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது. விளம்பரத்தில் சொன்னது உண்மையா என்று தக்கபடி விசாரித்தேன் என்று காட்டிவிட்டால் அவருக்கு அபராதம் கிடையாது. உங்கள் நடிகர் "நானும் இடம் வாங்கியிருக்கேன்" என்கிறார் அல்லவா, அது சரிபார்க்கக் கூடிய விஷயம். பத்திரப் பதிவு ஆகியிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும்.

நடிகர் மேல் கொடுக்கிற புகாரை டெல்லியில் இருக்கிற அந்த ஆணையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. மாவட்ட ஆட்சியரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போய்க் கொடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: அபராதம் போட்டால் அது அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கைக்கு அதில் ஒரு பைசா வராது. அப்படியிருந்தும் கொடுக்கத்தான் வேண்டும். விளம்பரம் இன்னும் ஓடுகிறது என்றால், நாளைக் காலையிலேயே செல்போனில் பதிவு செய்து, சேனலும் தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். பிறகு அவர்கள் அதை நிறுத்திவிட்டால் ஆதாரத்துக்கு எங்கே போவீர்கள்?

உங்கள் 9 லட்சத்துக்கு வழி வேறு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இல் வந்தது. ரெரா என்பார்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைப் பிரித்து விற்கிறவர், சட்டம் விலக்குக் கொடுத்த சில திட்டங்கள் தவிர, அந்தச் சட்டப்படி அமைந்த ரெரா ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பதிவு எண்ணைப் போட வேண்டும். நோட்டீஸை எடுத்து எண் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 14 லட்சத்துக்கு 1 லட்சத்து 40 ஆயிரம்தான். உங்களிடம் வெறும் ரசீதில் 9 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர், வேண்டாம் என்று விலகினால் முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. நடிகர் சொன்ன ஆஸ்பத்திரியும் கோயிலும் அங்கே உங்களுக்கு உதவும். தமிழ்நாட்டு ஆணையத்துக்கு இணையத்திலேயே புகார் அனுப்பலாம், மகனிடம் சொன்னால் செய்து தருவான். இடமே அவர்களுடையது இல்லை என்று வில்லங்கத்தில் தெரிந்தால், நேராக மாவட்டக் குற்றப் பிரிவு போலீஸ். கம்பெனிக்காரர்கள் சொல்லும் "அடுத்த மாதம்" என்பதை இனி ஒரு தடவைகூடக் காதில் வாங்காதீர்கள். போன பணம் இருவருக்கும் பொது என்பதால் புகாரை மதினியும் வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

மீதி 12 லட்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விட்டதைப் பிடிக்கிற பேச்சே வேண்டாம். உங்களைப் போல ஒரு தடவை ஏமாந்தவரைத் தேடித்தான் அடுத்த ஆள் வருவான். பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இருந்து 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. மனைவியை இணைத்துக் கணக்குத் தொடங்கலாம். இந்தத் தடவை விண்ணப்பத்தை மதினி நிரப்பட்டும், அவர்கள் காட்டுகிற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் எந்த நடிகரையும் நம்பிக் கட்டவில்லை, உங்களை நம்பிக் கட்டினார்கள். அவர்கள் முகத்தில் முழிக்கக் கூச்சமாக இருக்கும்; முழித்துத்தான் ஆக வேண்டும். முன்பணம்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால் அடுத்த தவணைக்கு அவர்களுக்கு இன்னும் நாள் இருக்கும். இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் இருவருக்கும் போன் போடுங்கள். அங்கே கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லி, மேற்கொண்டு ஒரு ரூபாய் கட்ட வேண்டாம் என்று தடுத்துவிட்டு, புகாரில் அவர்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.