முதலில் பின்மூடி, அப்புறம் டயல்: பழைய வாட்ச் கேள்வி பதில்

பழைய வாட்சின் சரியான மாடலைக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். பாதிப் பேர் டயல் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள், அதை வைத்து ஜாதகம் சொல்ல முடியாது.

கேள்வி: சார், மஞ்சள் டயல் சீகோ குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள வாட்ச்). பின்மூடியில் 6139-6005, டயலின் அடியில் வேறு எண். சீரியல் 9-ல் தொடங்குகிறது. டயல் மாற்றியதா? எந்த வருடம்?

பதில்: எண் ஒத்துப்போகவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். 6139 மெஷினின் எண், 6005 கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். டயலுக்குத் தனி எண் உண்டு, அது கேஸ் எண்ணோடு பொருந்தியே ஆகவேண்டும் என்பதில்லை. சீரியலின் முதல் எழுத்து வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண்ணாகவே இருக்கும், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி. வம்பு என்னவென்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே இலக்கம் திரும்ப வரும். இந்த மெஷின் வந்ததே 1969-ல், ஓடியது எழுபதுகளின் கடைசிவரை, ஆகவே உங்கள் 9 இரண்டு பக்கமும் இழுக்கிறது. இங்கேதான் டயல் உதவும்: 'வாட்டர் 70 மீட்டர் புரூஃப்' என்றிருந்தால் ஆரம்ப காலத்து டயல், 'ரெசிஸ்ட்' என்றால் அதற்குப் பிந்தியது, தண்ணீர் பற்றிப் பேச்சே இல்லை என்றால் இன்னும் பிந்தியது. பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-ல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனது 6139-6005. ஆனால் மஞ்சள் டயல் என்றாலே 'போக்' என்று விற்கிறார்கள், 6139-6002-ஐயும் சேர்த்து. பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் படியுங்கள்.

கேள்வி: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் பார்த்துவைத்திருக்கிறேன். விற்பவர் உள்ளே 321 மெஷின் என்கிறார், திறந்து காட்ட மறுக்கிறார். வெளியிலிருந்தே தெரியுமா அண்ணா?

பதில்: திறக்க மறுத்தால் நான் வாங்கமாட்டேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு வழி உண்டு. 321 மெஷின் மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து. 1968-ல் அதன் இடத்துக்கு வந்த 861 மணிக்கு 21,600, நொடிக்கு ஆறு. குரோனோ (ஸ்டாப்வாட்ச்) முள்ளை ஓடவிட்டு, போனில் ஸ்லோமோஷனில் நெருக்கமாகப் படம் பிடியுங்கள். ஒரு நொடிக் கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக முள் எத்தனை துள்ளு துள்ளுகிறது என்று எண்ணினால் போதும். திறந்து பார்க்கும் நாள் வந்தால் நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஆரம்ப கால 861-ம் செம்பு நிறம்தான். கோட்டைச் சுவர் மாதிரி பல் நிற்கும் தூண் சக்கரம் (column wheel) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால்தான் 321. மாடல் எண் பின்மூடியின் உள்பக்கம் இருக்கும்: 105.012, 145.012 என்றால் 321 இருக்கவேண்டும், 145.022 என்றால் 861. ஆனால் மூடியை மாற்றிப் போடுவது ஐந்து நிமிட வேலை. நானே ஒருமுறை மூடியை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவன்.

கேள்வி: ரோலெக்ஸில் எண் எங்கே? மூடியில் ஒன்றும் இல்லை.

பதில்: பட்டையைக் கழற்றுங்கள். 12 மணிப் பக்கம் காதுகளுக்கு நடுவில் மாடல் எண், 6 மணிப் பக்கம் சீரியல். சப்மரைனர் மாடல்களான 5512-க்கும் 5513-க்கும் குழப்பம் வருவது இதைப் பார்க்காததால்தான்.

கேள்வி: ஐம்பதுகளின் ஆரம்பத்து வாட்ச் என்று வாங்கினேன், டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்றிருக்கிறது. சரியா?

பதில்: கேஸ் ஐம்பதுகளாக இருக்கலாம், டயல் இல்லை. அந்த டி, இருட்டில் ஒளிரும் பூச்சில் சேர்க்கும் டிரிடியத்தைக் குறிப்பது, அறுபதுகளில் வந்த வழக்கம். அதற்கு முன் ரேடியம்தான். சர்வீஸில் புது டயல் மாட்டியிருப்பார்கள், அது மோசடி ஆகாது, ஆனால் விலை பேசும்போது சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் ரேடியம் டயல் வேறு ஏதாவது இருந்தால், ஒளி செத்துவிட்டதே என்று சுரண்டிப் பார்க்காதீர்கள். ஒளிர்வது பூச்சு, அதுதான் செத்தது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம், அதன் கதிர்வீச்சு இன்னும் சாகவில்லை.

கேள்வி: டயலில் '17 ஜுவல்ஸ்' தவிர ஒன்றும் இல்லை. மூடியில் ஏதோ நீளமான எண்.

பதில்: அந்த நீள எண் கேஸ் செய்தவருடையதாக இருக்கலாம், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்திலோ அடியிலோ, தட்டில் மெஷின் செய்தவரின் சின்ன முத்திரையும் மெஷின் எண்ணும் பொறித்திருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.