நான்கு லவ் பேர்ட்ஸுக்கு எத்தனை அடிக் கூடு?

கேள்வி: பிள்ளைகளுக்காக ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். அதோடு வாங்கிய வட்டக் கூடு ஒன்றேகால் அடி அகலம், இரண்டடி உயரம். பிள்ளைகள் இன்னும் இரண்டு வேண்டும் என்று நிற்கிறார்கள். வீடு உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. கூட்டின் கம்பி இப்போதே துருவேறத் தொடங்கிவிட்டது. நான்கு பறவைக்கு எந்த அளவில், எந்தக் கம்பியில் கூடு எடுக்கலாம்? கடையில் வாங்குவதா, செய்விப்பதா?

பதில்: அந்த வட்டக் கூடு இப்போது இருக்கும் இரண்டு பறவைக்கே போதாது. நான்கை அதற்குள் விடவே வேண்டாம். நான்குக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் நீள்சதுரக் கூடு எடுங்கள். வீட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் நீளம் இரண்டரை அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, இதற்குக் குறையாமல் பாருங்கள். இதற்குக் கீழே இறங்கச் சொல்லி என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பட்ஜி என்ற சின்னக் கிளி. அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் தண்ணீரும் புல்விதையும் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் பறந்து திரியும் இனம் அது. ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840-இல் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பிறகுதான் வீடுகளில் வளர்க்கும் பழக்கம் பரவியது. கூட்டில் வளர்ந்து வளர்ந்து நிறம் நூறு விதமாக மாறிவிட்டது. பறக்க வேண்டும் என்ற தேவை அப்படியேதான் இருக்கிறது.

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 18 சென்ரிமீற்றர், நிறை 30, 40 கிராம். கையில் பிடித்தால் ஒன்றுமே இல்லை போலிருக்கும். ஆனால் சிறகை விரித்தால் ஒரு அடி வரும். ஒன்றேகால் அடிக் கூட்டில், நடுவே ஒரு தடியும் ஓரத்தில் தீன் கிண்ணமும் வைத்த பிறகு, அது சிறகை முழுதாக விரித்தாலே இரண்டு பக்கமும் கம்பியில் தட்டும். உங்கள் பறவைகளின் வால் நுனியை இன்றைக்கு ஒருதரம் கிட்டப் போய்ப் பாருங்கள். நீள இறகுகள் நுனியில் பிய்ந்து தும்புபோல நின்றால், எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால், திரும்பும் ஒவ்வொரு தடவையும் வால் கம்பியில் உரசுகிறது என்று அர்த்தம். தடியிலிருந்து கம்பிக்குத் தாவி, அலகால் கவ்வி ஏறி, மறுபடி தடிக்கு வருவது பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரியும். பறக்க இடமில்லாத பறவை செய்வது அது. இப்படியே இருந்தால் கொழுப்பு வைத்து, கொஞ்சம் பறந்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிடும்.

உயரத்தை நான் பெரிதாகக் கேட்காததற்கும் காரணம் இருக்கிறது. பட்ஜி ஹெலிகொப்டர்போல நேரே மேலெழும்பாது. கிடையாகத்தான் பறக்கும். கடைக்காரர் காட்டும் கோபுரக் கூடு, மாடி வைத்த கூடு எல்லாவற்றிலும் அந்த உயரத்தில் பாதி வெறும் காற்று. கடைக்குப் போகும்போது அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோங்கள். கூட்டின் கால்களையும் கூரை வளைவையும் விட்டுவிட்டு, உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளவெடுங்கள். பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வால் உரசாமல் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடியும் பக்கச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். இரண்டரை அடிக் கூட்டில் இரண்டு பக்கமும் 4 அங்குலம் போனால் பறக்க மிஞ்சுவது 22 அங்குலம். நாலடிக் கூட்டில் 40 அங்குலம். முதலாவதில் ஒரு தாவலோடு சரி. இரண்டாவதில்தான் சிறகை அடித்துப் பறந்து இறங்கும். காசு கொஞ்சம் கூட இருந்தால் அதை நீளத்துக்கே போடுங்கள், அலங்காரத்துக்கு வேண்டாம்.

சரி, கம்பிக்கு வருவோம். கடற்கரை வீட்டுக்காரர் பலர் ஏமாறுவது இதில்தான்.

கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு அங்குலக் கோழிக்கூட்டு வலை மலிவு என்று சிலர் எடுக்கிறார்கள். அதில் பட்ஜியின் தலை போய்விடும், திரும்ப வராது. இரவில் எலியும் சின்னப் பாம்பும் அதே வழியால் உள்ளே வரும். ஹார்ட்வெயார் கடைகளில் அரை அங்குலச் சதுர வெல்டிங் வலை சுருளாக இருக்கும், அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள். அதைக் கேளுங்கள்.

அந்த வலை பெரும்பாலும் நாகம் (சிங்க் என்ற உலோகம்) பூசியது. பட்ஜி அலகால் கவ்வி ஏறுகிற பறவை என்பதால் கம்பியில் உள்ளது எல்லாம் வாய்க்குள் போகும். நாகம் அதிகமாக உள்ளே போனால் நஞ்சு. பறவை சோர்ந்து, எச்சம் தண்ணீராகி, நிற்கத் தடுமாறிச் செத்தும் போகும். உள்நாட்டில் இருப்பவர்கள் புது வலையை வினாகிரி கலந்த தண்ணீரில் நன்றாகத் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்தால் பெருமளவு சமாளிக்கலாம். கந்தளாயில் ஒருவருக்கு நான் இதையே தயங்காமல் சொல்லுவேன். உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் என்று வந்தால் கதை வேறு. உப்புக்காற்றில் நாகப்பூச்சு சீக்கிரம் வெளுத்து மாப்போல உதிரும். கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது நாகத்திலிருந்து வந்ததுதான். அதைக் கழுவினாலும் திரும்பத் திரும்ப வரும்.

பெயின்ற் பூசிய கடைக் கூடுகளுக்கும் கடலோரத்தில் ஆயுள் குறைவு. முதலில் கம்பி ஒட்டிய மூட்டுகளில் பூச்சு கொப்பளிக்கும், அதற்குள் உப்பு இறங்கும், பிறகு துரு. பறவை அந்தக் கொப்புளத்தைத்தான் தேடிக் கொத்தும். உங்கள் வட்டக் கூட்டில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும். மேலே புதுப் பெயின்ற் அடித்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அந்தப் பெயின்றும் வயிற்றுக்குள்தான் போகும்.

ஆகவே உங்களுக்கு என் விடை: செய்வியுங்கள். யன்னலும் அலுமாரியும் செய்கிற அலுமினியக் கடை திருகோணமலை நகரிலேயே தேடினால் கிடைக்கும். சட்டத்தை அலுமினியத்தில் அடித்து, வலையை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடச் சொல்லுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்று தரம் உண்டு. கடலுப்பைத் தாங்குவதில் 316 மேல், விலையும் அப்படியே. 304 போட்டாலும் பரவாயில்லை, வாரம் ஒருதரம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்துவிட்டால் நெடுநாள் நிற்கும். கடைக் கூட்டைவிட முதலில் கூடுதலாகத்தான் முடியும். ஆனால் துருப்பிடித்த கூட்டை அடிக்கடி மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் இதுவே மலிவு. மரச்சட்டத்தை நான் விரும்புவதில்லை. கொறித்துத் தள்ளிவிடும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், வெடிப்புகளில் சிற்றுண்ணி குடியேறும்.

செய்விக்கும்போது வேலைக்காரரிடம் மூன்று விடயத்தை மறக்காமல் சொல்லுங்கள். வலையை வெட்டிய முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சட்டத்துக்குள் மடிந்து போக வேண்டும். அடியில் இழுத்தெடுக்கும் தட்டு வேண்டும். அதில் பழைய பேப்பர் விரித்து நாளுக்கொருதரம் மாற்றுவீர்கள். கதவு மேலே தூக்கும் வகையாக வேண்டாம், அதைப் பட்ஜி அலகால் தூக்கப் பழகிவிடும், இல்லாவிட்டால் கழுத்தில் விழும். பக்கவாட்டில் திறந்து கொக்கி போடும் கதவுதான் பாதுகாப்பு. கைபோகும் சின்னக் கதவு தீனுக்கும் தண்ணீருக்கும், கழுவுவதற்குப் பெரிய கதவு ஒன்று.

உள்ளே வைக்கும் தடி விலைகொடுத்து வாங்க வேண்டிய சாமான் இல்லை. வேம்பு, கொய்யா, முருங்கைக் கொப்புகளில் சுண்டுவிரல் பருமன் முதல் பெருவிரல் பருமன் வரை வெவ்வேறு அளவில் வெட்டி, கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பிளாஸ்டிக் தடி எங்கும் ஒரே பருமன் என்பதால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் புண் வைக்கும். முருங்கையைச் சீக்கிரம் கொறித்து முடித்துவிடும், அது நல்லதே, புதிது வெட்டிப் போடுங்கள். அலரிக் கொப்பு மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், அது நஞ்சு. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே தடி வராமலும், நடுவில் குறுக்கே தடி போட்டுப் பறக்கும் வழியை அடைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டை வாங்கி ஊஞ்சல், மணி, ஏணி என்று நிரப்பிவிட்டால் பழைய வட்டக் கூட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கூட்டை விறாந்தையில் ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டினாற்போல, உங்கள் கண் மட்டத்துக்கு வையுங்கள். நாலு பக்கமும் வெளியாக இருந்தால் பறவை எந்நேரமும் பயந்துகொண்டிருக்கும், காகமும் பூனையும் சுற்றிச் சுற்றி வரும். மே முதல் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கூடு மத்தியானத்தில் அடுப்பாகிவிடும். அலகைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் வெக்கை தாங்கவில்லை. உடனே நிழலான அறைக்குள் எடுத்து, தண்ணீரை மாற்றி, குளிக்க ஒரு தட்டையான பாத்திரம் வையுங்கள். கூரைக்குக் கீழே கிடுகு கட்டினால் நல்ல வித்தியாசம் தெரியும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வரும் திசையில் படங்கு கட்டுங்கள், எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள், முழுதாகப் பொத்தக் கூடாது. குசினிக்குக் கிட்ட வைக்கவே வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி நமக்குத் தெரியாது, பறவை நிமிடங்களில் விழுந்துவிடும். நுளம்புச் சுருளும் சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், பக்கத்தில் ஆகாது.

இனிப் பிள்ளைகள் கேட்கும் அந்த இரண்டு. புதுக் கூடு வந்த பிறகு வாங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். வாங்கியதும் நேரே பெரிய கூட்டுக்குள் விடாமல், ஒரு மாதம் வேறு அறையில் தனியாக வைத்து, நோய் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தனிமைக் காலத்துக்கும் ஒரு சின்னக் கூடு வேண்டும், ஆனால் உங்கள் துருப்பிடித்த வட்டக் கூடு அதற்கும் ஆகாது. துருவில்லாத, நீளமான ஒன்றை இரவலாக வாங்கினாலும் போதும். பிறகு கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோகவும் உதவும்.

கூட்டில் முட்டையிடுவதற்கு மண்முட்டி கட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. முட்டியைக் கண்டால் பெண் பறவை முட்டையிட ஆயத்தமாகிவிடும். நாலு முதல் ஆறு முட்டை, 18 நாளில் குஞ்சு. நான்குக்கென்று எடுத்த கூட்டில் பத்துப் பறவை நிற்கும், பெண் பறவைகள் முட்டிக்காகச் சண்டை பிடித்து இரத்தம் வரக் கொத்திக்கொள்ளும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டியே கட்டாதீர்கள். தூங்குவதற்கு அவற்றுக்கு முட்டி தேவையில்லை, உயரமான தடி ஒன்று போதும்.

புதுக் கூட்டுக்கு மாற்றுவதைக் காலையில் செய்யுங்கள். இரண்டு கூட்டின் கதவையும் முட்டவைத்து, தினைக் கதிர் ஒன்றைப் புதுக் கூட்டின் உள்ளே கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். தாமாகப் போகட்டும், கையால் துரத்திப் பிடிக்க வேண்டாம். தடி எங்கே, தண்ணீர் எங்கே என்று வெளிச்சத்திலேயே பழகிவிட்டால் முதல் இரவில் இருட்டில் பதறிக் கம்பியில் மோதாது. அன்றைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு மங்கல் வெளிச்சத்தை விட்டு வையுங்கள்.