அமெரிக்க மேற்கின் மாட்டுப்பண்ணை வாழ்வை நேரில் காண எந்தச் சிற்றூருக்குச் செல்லலாம்?

நெவாடா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள எல்கோவுக்குச் செல்லுங்கள். அதுவும் ஜனவரி இறுதியில் செல்லுங்கள். கடுங்குளிரில் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1985 முதல் அந்த நேரத்தில்தான் அங்கே கௌபாய்களின், அதாவது மாடோட்டிகளின், கவிதைக் கூடுகை நடந்துவருகிறது. கோடையில் புல் அறுப்பு, இலையுதிர் காலத்தில் மந்தைகளைத் திரட்டி விற்பது, குளிர் தணியும்போது கன்று ஈனும் பருவம் என்று ஆண்டு முழுவதும் ஓயாத பண்ணைக்காரர்களுக்குச் சற்றே மூச்சுவிட வாய்ப்பது அந்த நாட்களில்தான். ஆகவே மேடையேறுபவர்களில் பலர், பனியில் மாடுகளுக்கு உலர்புல் போட்டுவிட்டு வந்தவர்கள். அந்த மேடையில் நான் கண்ட முதியவர் ஒருவர், கையில் தாள் இல்லாமல், இறந்துபோன தம் குதிரையைப் பற்றிச் சந்தமும் இயைபும் பிசகாமல் நெடுநேரம் சொன்னார். பழைய பாடல் ஒன்றுக்கு அவர் மாறியதும், என் பக்கத்து இருக்கைக்காரர் ஈற்றடிகளை உதட்டுக்குள் கூடவே சொல்லத் தொடங்கினார். செவிவழியாக வாழும் கவிதையை அவ்வளவு அருகில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

பகலில் சேணக் கடைகளைப் பாருங்கள். மெக்சிகோ வழிவந்த ஜி. எஸ். கார்சியா என்ற சேணக் கலைஞர் இவ்வூரில் செய்த சேணம், 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. அவரிடம் வேலை பார்த்த கேப்ரியோலா 1929இல் தொடங்கிய கடை இன்றும் பண்ணைகளுக்குச் சேணம் செய்துகொடுக்கிறது. இப்பகுதி மாடோட்டிகள் தம்மை ‘பக்கரூ’ என்றே சொல்லிக்கொள்வார்கள். மாடோட்டியைக் குறிக்கும் ‘வக்கேரோ’ என்ற ஸ்பானியச் சொல்லின் மரூஉ அது. டெக்சாஸ்காரர்கள் சுருக்குக் கயிற்றின் நுனியை, சேணத்தின் முன்புறம் துருத்திநிற்கும் கொம்பில் முன்பே முடிந்துவைப்பது வழக்கம். இவர்களோ, நீண்ட கயிற்றை வீசி மாட்டைப் பிடித்த பிறகே கொம்பில் சுற்றுகிறார்கள். கயிற்றைச் சிறிது சிறிதாக நழுவவிட முடிவதால் மாட்டுக்கும் குதிரைக்கும் அதிர்ச்சி குறைகிறது.

இரவு உணவுக்கு, ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தவர் தங்குவதற்காக 1910இல் கட்டப்பட்ட ஸ்டார் ஹோட்டல் போதும்.

பக்கத்து மாநிலமான யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியிலிருந்து எல்கோ மேற்கே ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தொலைவு. பனிப்பொழிவைப் பார்த்துப் புறப்படுங்கள், அறையை முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். பண்ணை எதிலும் அழைப்பின்றி நுழையாதீர்கள். பழகியவர் அழைத்தால் தயங்காமல் செல்லலாம். ஆனால் எத்தனை மாடுகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டாம். வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதாகவே அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.