மூன்று முறை மாட்டேன் என்றேன், கடவுளுக்குக் கோபமா?

கேள்வி: எனக்கு 38 வயது, தாதி வேலை. எங்கள் சபையில் ஞாயிறு சாயங்காலம் வெளிநாட்டு ஊழியர்களுக்காகத் தமிழில் ஜெபக்கூட்டம் நடக்கிறது, முப்பது பேர்வரை வருவார்கள். அதை நடத்தச் சொல்லி ஆயர் மூன்று முறை கேட்டுவிட்டார். நான் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், ஊர்க்காரர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று மறுத்துவிட்டேன். ஆனால் அந்தத் தம்பிகளின் முகம் மனதைவிட்டுப் போகவில்லை. போன மாதம் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 'கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் யோனா மாதிரி ஓடினால் புயல் வரத்தானே செய்யும்' என்கிறார் சபையில் ஒருவர். தூக்கமே போச்சு.
- ஒரு சகோதரி, செங்காங்

பதில்: முதலில் அந்தப் புயலை முடித்துவிடுவோம். வயதானவர்களுக்கு எலும்பு ஏன் முறிகிறது என்று ஒரு தாதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9. அந்தச் சகோதரரை வாசிக்கச் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அப்புறம், நீங்கள் யோனாவே இல்லை. நினிவேக்குப் போகத் தன்னால் முடியாது என்று அவர் நினைக்கவில்லை, அந்த ஊருக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுமே என்ற எரிச்சல்தான், 4-ஆம் அதிகாரத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்காக யோப்பாவில் கைக்காசு கொடுத்துத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். நீங்கள் மோசே பக்கம். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரக் கடவுள் அவரை அனுப்பியபோது, நான் யார், உம்முடைய பெயர் என்ன, அவர்கள் நம்பமாட்டார்களே, எனக்குத் திக்குவாய் என்று யாத்திராகமம் 3, 4-இல் அவர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, கடவுளும் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். ஐந்தாவதாக, காரணமே சொல்லாமல், வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான் கோபம் வந்தது. வந்தும் என்ன செய்தார்? பேச்சுத் துணைக்கு அண்ணன் ஆரோனை அனுப்பினார். நீங்கள் இன்னும் நாலாவதில்தான் நிற்கிறீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், ஆயர் கேட்பதெல்லாம் அழைப்பு ஆகிவிடாது. சிறுவன் சாமுவேல் கடவுள் கூப்பிட்டதை ஆசாரியன் ஏலி கூப்பிட்டதாக நினைத்து மூன்று முறை எழுந்து ஓடினான். நம் சபைகளில் ஏலிக்கு ஆள் தேவைப்பட்டால் அதுவே கடவுளின் குரலாகிவிடுவதும் உண்டு. ஆனால் அந்த முகங்கள் உங்களை விடாமல் இருக்கின்றனவே, அது ஆயர் சொல்லி வந்ததில்லை. அதைத்தான் நான் கவனிப்பேன்.

தமிழ் விஷயம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய தமிழ், அதில் எனக்கே நாக்கு புரளும். கூட்டத்தை நடத்துகிறேன் என்று இப்போதே ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிறு சும்மா போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் டீ ஊற்றிக் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள். ஊர்க் கோவிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய ஒருவராவது அந்த முப்பது பேரில் இருக்கிறாரா என்று பாருங்கள்.