ஆறாவது விரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் நண்பரும் பத்து வருடமாக, ஐரிஷ் நாட்டுப்புற இசையை ராக்கோடு கலந்த 'தி போக்ஸ்' இசைக்குழுவின் ரசிகர்கள். எங்களுக்குள் ஒரு சண்டை மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது. 1989-ல் வந்த 'பீஸ் அண்ட் லவ்' ஆல்பத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் கட்சி. 1988-ல் வந்த 'இஃப் ஐ ஷுட் ஃபால் ஃப்ரம் கிரேஸ் வித் காட்' ஆல்பத்தோடு குழுவின் கதை முடிந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் சரிவு என்பது அவர் கட்சி. 'பீஸ் அண்ட் லவ்' ஆல்பத்தின் பதினான்கு தடங்களில் குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவன் எழுதியது ஆறுதான். முதல் தடமே வரிகள் இல்லாத ஜாஸ். ஒலிப்பதிவில் குரல் அமுங்கிக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் ஐரிஷ் மணமே இல்லை என்கிறார். பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்தேன், மதிப்பெண் பட்டியல்களையும் பார்த்தேன். அங்கேயும் கருத்து இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது. உங்கள் தீர்ப்பு என்ன? அப்புறம் இன்னொன்று: இந்தக் குழுவைக் கேட்டே இராத ஒருவருக்கு முதலில் இந்த ஆல்பத்தைக் கொடுக்கலாமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

போன வாரம் ஒரு பழைய பெட்டியைக் காலி செய்தபோது இதே ஆல்பத்தின் கேசட் கிடைத்தது. நாடா சுருங்கிப்போய்விட்டது, இனி ஓடாது. உறையை மட்டும் எடுத்து மேசை மேல் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுதுவதற்கு அதுதான் காரணம். கடிதம் நன்றாக இருந்ததால் அல்ல.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நண்பர் சொன்னது இருக்கிறது, விமர்சகர்கள் சொன்னது இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை. எந்தப் பாட்டை நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள்? எது உங்களைத் தூங்கவிடாமல் செய்தது? பத்து வருடம் ரசித்தவரிடம் இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். 'உரிய மதிப்பு கிடைக்கவில்லை' என்று நீங்கள் சொல்வது மற்றவர்களைப் பற்றிய பேச்சு. அவர்கள் காதைத் திருத்துவதில் இவ்வளவு அக்கறை எதற்கு?

சரி, உங்கள் நண்பரின் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

குரல் அமுங்கியிருக்கிறது. ஆமாம். மெக்கோவன் அந்த வருடம் பாடும் நிலையில் இல்லை, அது காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் ஒலிப்பதிவாளர் தலையில் பழியைப் போட முடியாது. தயாரித்தவர் ஸ்டீவ் லில்லிவைட். உங்கள் நண்பர் கொண்டாடும் 88 ஆல்பத்தைத் தயாரித்ததும் அவர்தான். 'காட்டன் ஃபீல்ட்ஸ்', 'யூ.எஸ்.ஏ.' இரண்டையும் நானே தாண்டிப் போய்விடுவேன். அதுவும் மெக்கோவன் எழுதியவை, கவனிக்கவும்.

ஆறு பாட்டுதான் எழுதினார் என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மீதி எட்டை எழுதியவர்கள் வழிப்போக்கர்களா? பேன்ஜோ வாசித்த ஜெம் ஃபைனர் 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' பாட்டை மெக்கோவனோடு சேர்ந்து எழுதியவர். பின்னாளில் 'லாங்பிளேயர்' என்று ஆயிரம் வருடம் ஒரு தடவைகூடத் திரும்ப வராமல் ஒலிக்கும் இசையை அமைத்து, 2000-ம் வருடம் முதல் நாளில் லண்டனின் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் ஓடவிட்டவர். கிட்டார் வாசித்த ஃபிலிப் ஷெவ்ரானைப் பற்றி உங்கள் நண்பரிடம் கேளுங்கள். 88 ஆல்பத்தில் கப்பலேறி அமெரிக்கா போகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு வருமே, 'தவுசண்ட்ஸ் ஆர் செய்லிங்'? நண்பர் அதைக் கேட்டுக் கண் கலங்கியிருப்பார். ஷெவ்ரான் எழுதியது அது. அதற்கு அழலாம், இந்த ஆல்பத்தில் அதே ஆள் எழுதிய 'லோரலை' மட்டும் இட்டு நிரப்பியதா?

உறையைப் பார்த்திருப்பீர்கள். குத்துச்சண்டைக்காரர் ஒருவர் இரண்டு கை முட்டிகளையும் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் 'பீஸ்', மறு கையில் 'லவ்'. 'லவ்' ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, நான்கு விரலுக்குச் சரியாக இருக்கிறது. 'பீஸ்' ஐந்து எழுத்து. அதற்காக அந்தக் கையில் ஒரு விரலைக் கூட்டிவிட்டார்கள். கட்டைவிரலோடு ஆறு. படத்தைப் பல வருடம் பார்த்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. உங்கள் நண்பர் அந்த விரலை வெட்டச் சொல்கிறார். வெட்டினால் எழுத்து குறையும்.

இப்போது 'ஐரிஷ் மணம்'. இதை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.

முதலில், உண்மையிலேயே இல்லையா? 'யங் நெட் ஆஃப் த ஹில்' இருக்கிறதே. குழுவில் இருந்த டெர்ரி வுட்ஸும் ரான் கவானாவும் எழுதியது. அயர்லாந்தைச் சூறையாடிய ஆலிவர் க்ராம்வெலை வாயாரச் சபிக்கும் பாட்டு. மண்ணை வாரித் தூற்றுவது மாதிரி இருக்கும். இதற்கு மேல் மணம் வேண்டுமென்றால் கடையில் வாசனைத் திரவியமாகத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. போக்ஸ் 1982-ல் லண்டனில் தொடங்கிய குழு. மெக்கோவன் பிறந்தது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். சின்ன வயதில் சில காலம் அயர்லாந்தின் டிப்பரரியில் வளர்ந்தார். ஃபைனர், அக்கார்டியன் வாசித்த ஜேம்ஸ் ஃபேர்ன்லி, டின் விசில் ஊதிய ஸ்பைடர் ஸ்டேசி எல்லோரும் ஆங்கிலேயர்கள். முந்தைய ஆல்பங்களில் இவர்கள் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆல்பத்தில் கண்ணைத் திருப்பித் தங்கள் காலடியைப் பார்க்கிறார்கள். தலைப்புகளைப் படித்தாலே போதும். முதல் தடம் 'கிரிட்லாக்', அதாவது போக்குவரத்து நெரிசல். நண்பர் திட்டும் அந்த ஜாஸ்தான். நெரிசலில் மாட்டிக்கொண்டவனுக்குக் காதில் விழுவது அக்கார்டியன் இல்லை, அந்த மாதிரி ஹாரன் சத்தம்தான். அடுத்து 'ஒயிட் சிட்டி'. அப்புறம் 'மிஸ்டி மார்னிங், ஆல்பர்ட் பிரிட்ஜ்'. கடைசியில் 'லண்டன் யூ ஆர் எ லேடி'. இது ஒரு லண்டன் ஆல்பம். ஊரைவிட்டு வந்தவன் ஒரு கட்டத்தில், ஐயோ, நான் திரும்பிப் போகப் போவதில்லை என்று தெரிந்துகொள்கிறான் பாருங்கள், அந்த இடத்தில் நின்று பாடியது. அதில் ஊர் மணம் குறைவாகத்தான் இருக்கும். குறையவில்லை என்றால் அவன் பொய் சொல்கிறான்.

எனக்கு இது எப்படித் தெரியும்? தொண்ணூறுகளில் நான் லண்டனில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் ஒரு கிடங்கில் இரவு வேலை. அங்கே என்னோடு ஒரு பெரியவர் இருந்தார். அயர்லாந்தின் மேயோ பகுதிக்காரர், வயது அறுபதுக்கு மேல். வாலிபத்தில் கட்டட வேலைக்கு வந்தவர். படகில் கடலைக் கடந்து வேல்ஸ் கரையில் ஹோலிஹெட் துறைமுகத்தில் இறங்கி, அங்கே காத்திருந்த ரயிலில் ஏறி லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் இறங்கியிருக்கிறார். அன்று கையில் வைத்திருந்த பெட்டியின் பூட்டு உடைந்திருந்ததாம், இடுப்புப் பட்டையால் கட்டிக்கொண்டு, கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி லண்டனுக்குள் நுழைந்ததாகச் சொல்வார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அவருக்கு போக்ஸ் பிடிக்காது. குடித்துவிட்டுச் சண்டை போடுகிற ஐரிஷ்காரன் என்று ஆங்கிலேயன் மனதில் ஒரு படம் இருக்கிறது, இந்தப் பையன்கள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு விற்கிறார்கள் என்பார். அவர் ஒருவர் மட்டும் சொன்னதில்லை இது. பழைய பாணி ஐரிஷ் இசைக்காரர்கள் பலருக்கும் அந்த மனக்குறை இருந்தது. உங்கள் நண்பர் கேட்கிற மணம் எதுவென்று எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். நிஜ அயர்லாந்தின் மணமா, அல்லது அந்தச் சட்டம் போட்ட படத்தின் மணமா?

ஒரு நாள் இடைவேளையில் என் வாக்மேனை அவர் காதில் மாட்டி 'ஒயிட் சிட்டி'யைப் போட்டேன். ஒயிட் சிட்டி என்பது லண்டனில் 1908 ஒலிம்பிக்கிற்காகக் கட்டிய அரங்கம். பின்னாளில் கிரேஹவுண்டு நாய்ப் பந்தயத்துக்குப் பேர்போன இடமாக ஆனது. 1985-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடிப்புக்கான ஒப்பாரிதான் பாட்டு, ஆனால் குதித்துக்கொண்டு வரும் ஒப்பாரி. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பாதியில் சுளிப்பு போனது. பிறகு அவராகவே முனக ஆரம்பித்தார், காதில் ஓடும் பாட்டை அல்ல, அதே மெட்டில் வேறொன்றை, மெதுவாக. என்ன பாட்டு என்று கேட்டேன். "கில்டேரின் கர்ரா" என்றார். பழைய காதல் பாட்டு. கர்ரா என்பது டப்ளினுக்கு மேற்கே இருக்கும் பெரிய புல்வெளி. அயர்லாந்தின் பேர்பெற்ற குதிரைப் பந்தயத் திடல் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு உடனே உறைக்கவில்லை, அவர்தான் சொன்னார். "அங்கே எங்களுக்குக் குதிரை. இங்கே வந்து நாய் மேல் பணம் கட்டினோம். இந்தப் பையனுக்கு அது தெரிந்திருக்கிறது." ஒயிட் சிட்டியில் எத்தனை வாரக்கூலியைத் தொலைத்தார் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பிறகு நிறுத்திவிட்டார்.

மெக்கோவன் இதை யோசித்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள். குதிரை மேயும் புல்வெளியின் மெட்டை எடுத்து, இடித்துத் தள்ளிய நாய்ப் பந்தயத் திடலுக்குப் பாடுகிறார். ஐரிஷ் மணம் எங்கே போயிற்று? மெட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வரியில் தேடினால் கிடைக்காது. உங்கள் நண்பர் வரியை மட்டும் கேட்கிறார். நீங்கள் அதையும் கேட்கவில்லை என்று பயப்படுகிறேன்.

கேசட்டைப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார், "ஒரே சத்தம்" என்ற குறிப்போடு. எனக்கு முகம் விழுந்துவிட்டது. அன்று காலை வேலை முடிந்து நடக்கும்போது அப்படியே போட்டேன். இரண்டாம் பக்கத்தில் 'போட் டிரெய்ன்' முடியும் இடத்திலிருந்து ஓடியது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை போல. அந்தப் பாட்டு அவர் வந்த அதே பயணம்: படகு, ரயில், போதை, லண்டன். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் குடியிருந்தது பேட்டர்ஸீ பக்கம். இரவு வேலை முடிந்தால் பேருந்துக் காசை மிச்சம் பிடிக்க ஆல்பர்ட் பாலத்தின் மேல் நடந்து வருவேன். 1873-ல் திறந்த பாலம், ஆள் நடந்தாலே லேசாக ஆடும். முனையில் இன்றும் ஒரு பலகை இருக்கிறது: படைகள் இதைக் கடக்கும்போது அணிநடையைக் கலைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே தாளத்தில் காலை வைத்தால் பாலம் தாங்காதாம். ஃபைனரின் 'மிஸ்டி மார்னிங்' பாட்டைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையை எத்தனையோ விடியற்காலைகளில் தாண்டியிருக்கிறேன். 88 வரை எட்டுப் பேரும் ஒரே காலடியில் வந்தார்கள், உண்மைதான். இந்த ஆல்பத்தில் ஒருவர் ஜாஸுக்குப் போகிறார், ஒருவர் 'லோரலை' என்று ரைன் நதிக்கரைக் கதைக்குப் போகிறார், ஒருவர் க்ராம்வெலோடு சண்டைக்குப் போகிறார். உங்கள் நண்பர் இதைச் சிதறல் என்கிறார். இரண்டே வருடத்தில், 1991-ல், மெக்கோவனைக் குழுவைவிட்டு அனுப்பினார்கள். அதனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வருகிறது.

தீர்ப்பு கேட்டிருந்தீர்கள். என்னிடம் அது இல்லை. இரண்டு பேரும் ஒரு மாதம் சண்டை போடாமல் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் எழுதுங்கள், இந்தத் தடவை பாட்டின் பெயரோடு.

மறந்தே போனேன், புதியவருக்கு எதைக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆல்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ஓடிப்போய்விடுவார். 1985-ல் எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்த ஆல்பத்தைக் கொடுங்கள். உங்கள் நண்பரும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்புடன்