கடிதம் பிறகு வரும் என்றார்களா?

இந்தப் பத்தி வழக்கமாக பிளெண்டர், மெத்தை, தவணைக் கட்டணம் பற்றியது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலை பற்றியவை. பரவாயில்லை. பொருள் வாங்கினாலும் வேலைக்குச் சேர்ந்தாலும், ஒருவர் ‘இந்த விலை’ என்பதும் மற்றவர் ‘சரி’ என்பதும்தான் விஷயம்.

கே: நேர்முகத் தேர்வு முடிந்து மூன்றாம் நாள் போன் வந்தது. “தெரிவாகிவிட்டீர்கள், சம்பளம் 95,000, முதலாம் திகதி வாருங்கள், கடிதம் பிறகு வரும்” என்றார்கள். சரி என்றேன். பழைய வேலையை ராஜினாமா செய்த பிறகு, “அந்த இடத்தை இப்போது நிரப்பவில்லை” என்கிறார்கள். – வெள்ளவத்தை வாசகி

ப: உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள், வாக்குத் தவறியவர்கள் அவர்கள். வேலை, சம்பளம், தொடங்கும் நாள் எல்லாம் சொல்லி, நீங்களும் சரி என்றிருந்தால் வாய்ப்பேச்சிலேயே ஒப்பந்தம் உண்டாகலாம். இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டம் அதற்குக் கடதாசி கேட்பதில்லை. நிரூபிப்பதுதான் பாடு. ‘கடிதம் பிறகு’ என்றதைப் பிடித்துக்கொண்டு, கடிதம் தரும்வரை ஒன்றும் முடிவாகவில்லை என்று வாதாடுவார்கள். அழைப்பு வந்த நேரம், சான்றிதழ் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு அவற்றுக்கும் மதிப்புண்டு. நட்டஈடு கேட்க இடமிருக்கிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதற்கு முன் இன்றே பழைய இடத்துக்குப் போய் ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று கேளுங்கள். வெட்கம் பார்க்கும் நேரமில்லை.

கே: விளம்பரத்தில் சம்பளம் 150,000. நேரில் போனால் 80,000 என்கிறார்கள். வழக்குப் போடலாமா? – மருதானை

ப: முடியாது. விளம்பரம் ‘வந்து பேசுங்கள்’ என்ற அழைப்பு, அவ்வளவுதான்.

கே: 90,000 சம்பளத்துக்கு ஒஃபர் கடிதம் வந்தது. 110,000 தந்தால் வருகிறேன் என்று எழுதினேன். மறுத்தார்கள். சரி, 90,000க்கே வருகிறேன் என்றால் இப்போது பதிலே இல்லை. – தெஹிவளை

ப: 1840இல் இங்கிலாந்தில் ஹைட் என்பவர் செய்ததும் இதுதான். ரென்ச் என்பவர் தன் பண்ணைக்கு 1,000 பவுண் விலை சொன்னார். ஹைட் 950 என்றார். மறுப்பு வந்ததும், சரி 1,000க்கே வாங்குகிறேன் என்றார். 950 என்று கேட்டபோதே முதல் விலை செத்துப்போனது என்றது நீதிமன்றம். அடுத்த முறை ‘கொஞ்சம் கூட்டித் தர வாய்ப்புண்டா?’ என்று கேள்வியாகக் கேளுங்கள். விசாரிப்பது வேறு, நிபந்தனை போடுவது வேறு.

கே: செட்டியார் தெரு நகைக்கடையில் எட்டு மாதமாக வேலை. நியமனக் கடிதம் கேட்டால் “தகுதிகாண் காலம் முடியட்டும்” என்கிறார் முதலாளி. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் கட்டுவதில்லை.

ப: உட்காருங்கள், இது எனக்கு வயிறெரியும் விஷயம். நம் சனம் 4,000 ரூபாய்க்கு அயன் பொக்ஸ் வாங்கினால், உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தவில்லை என்று கடையில் சண்டை பிடிக்கும். தன் உழைப்பை விற்கும்போது மட்டும் ஒரு துண்டுக் கடதாசி கேட்கக் கூச்சம். ‘முதலாளி எங்கட ஆள், நல்ல மனுசன்’ என்பார்கள். நல்ல மனுசனுக்கு எழுதித் தர என்ன தடை? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம், பதவி, சம்பளம் முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. தகுதிகாண் காலம் எவ்வளவு என்பதே அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியது. அது முடிந்த பிறகு கடிதம் தருவது, பந்தி முடிந்த பிறகு அழைப்பிதழ் நீட்டுவது போல.

கடிதம் இல்லையென்பதற்காக ஒப்பந்தமே இல்லையென்று பயப்படாதீர்கள். அவர் வரச் சொன்னார், நீங்கள் தராசுக்குப் பின்னால் நின்றீர்கள், மாதக் கடைசியில் சம்பளம் தந்தார். முன்மொழிவும் ஏற்பும் அதிலேயே வந்துவிட்டன. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் 8 வீதம், அவருடையது 12. ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு சேமிப்புக்கு அவர் இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். தகுதிகாண் காலத்துக்கும் சேர்த்துத்தான். சம்பளம் வந்ததற்கான ஆதாரத்தோடு நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

கே: சம்பளத்தைக் குறைத்துப் புதுக் கடிதம் தந்தார்கள். “ஏழு நாளில் பதில் இல்லையேல் ஏற்றதாகக் கொள்ளப்படும்” என்றிருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை, வேலைக்குப் போகிறேன். – பம்பலப்பிட்டி

ப: மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் வீட்டுப் பேச்சு. ‘பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது’ என்று சகோதரர் மகனுக்கு எழுதிய ஃபெல்ட்ஹவுஸ் என்பவர், 1862இல் இங்கிலாந்தில் வழக்கில் தோற்றார். ஆனால் என் வீட்டு வோட்டர் ஃபில்டர் கதையையும் கேளுங்கள். ‘இரண்டு கிழமை வைத்துப் பாருங்கள் ஐயா’ என்று விற்பனைப் பையன் ஒருவர் குசினியில் பூட்டிவிட்டுப் போனார். வாங்குகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. மூன்று மாதம் தண்ணீர் குடித்தேன், திரியையும் ஒருமுறை மாற்றினேன். பில் வந்தது. கத்தினேன். “குடித்தீர்கள்தானே ஐயா?” என்றார். கட்டினேன். குறைத்த சம்பளத்தை வாய் திறக்காமல் மாதாமாதம் வாங்குவதும் அந்தத் தண்ணீரைக் குடிப்பது போலத்தான். ‘இதை ஏற்கவில்லை, ஆட்சேபத்துடன் வேலை செய்கிறேன்’ என்று இன்றே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கே: ருமேனியா வேலைக்கு வாட்ஸ்அப்பில் ஒஃபர் கடிதம் வந்தது. 300,000 முற்பணம் கட்டிவிட்டேன். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று எப்படி அறிவது? – கொட்டாஞ்சேனை

ப: கட்டுவதற்கு முன்னல்லவா கேட்டிருக்க வேண்டும்! வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989. இப்போதாவது எடுங்கள். பற்றுச்சீட்டு வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாங்கவில்லையென்றால் அதை எனக்கு எழுத வேண்டாம்.